அக்காவின் நிலத்தில் சோயா

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஆனி மாதக் கடைசியில், மைசூரிலிருந்து ராமாபுரத்தில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனேன். பையில் சோயா விதையும், கரித்தூள் போலிருந்த ரைசோபியம் பொட்டலமும். அப்பா அக்காவுக்குக் கொடுத்த நிலம் கேழ்வரகு போட்டுப் போட்டே சோர்ந்துவிட்டிருந்தது. செங்கல் சூளைக்காரருக்கு மண்ணெடுக்கக் கொடுத்துவிடலாம் என்றார் மாமா. ஒரு போகம் பார்ப்போம் என்று அக்கா கெஞ்சி அவகாசம் வாங்கியிருந்தாள்.

இந்தத் தூளிலுள்ள பாக்டீரியா வேரில் முடிச்சுக் கட்டிக் குடியிருக்கும், காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தரும் என்று நான் படித்ததைச் சொன்னேன்.

"அப்ப காட்டு வேலைக்கு மைசூர்ல இருந்து ஆளு கூட்டியாந்திருக்கறேன்னு சொல்லு அம்மிணி. கூலி என்ன கேக்குது?" என்றார் மாமா.

அக்கா ஆறிய வெல்லக் கரைசலில் தூளைக் குழைத்து விதையில் பூசி, நிழலில் சாக்கின்மேல் உலர்த்தினாள். ஒரு பிடியை மட்டும் அன்று மாலையே வேலியோரம் ஊன்றினாள். மறுநாள் நான் முதல் பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

ஆவணி முடிவில் மீண்டும் போனபோது நிலம் முழுக்க வெளிறிக் கிடந்தது. ஒரு செடியைப் பிடுங்கினேன். வேரில் ஒரு முடிச்சுகூட இல்லை. வேலியோரச் செடிகளோ கரும்பச்சை. அவற்றின் வேரில் குண்டுகுண்டாக முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறியதும் உள்ளே சிவப்பு. உயிரோடு வேலை செய்கிறது என்று அர்த்தம்.

விதைத்த அன்று என்ன நடந்தது என்று மாமாவிடமே கேட்டேன்.

"எந்த வெதையையும் மருந்து பொரட்டாம நான் காட்டுக்குக் கொண்டு போனதில்ல."

பூஞ்சைக்காக வருஷாவருஷம் கலக்கும் மருந்து. பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்றிருந்தது. இன்னொரு போகம் பார்க்கலாம் என்று அக்கா வேலியோரச் செடியை வேரோடு அவர் முன் நீட்டினாள். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நெசந்தான். ஆனா ஒரு போகம்னுதான பேச்சு?"

அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்று அக்கா இன்றும் சொல்கிறாள். அதில் எனக்கு ஆறுதல் இல்லை. வேண்டுமென்று செய்தவரிடமாவது சண்டை போட்டிருக்கலாம்.

தைக்குள் இடுப்பளவு ஆழத்துக்கு மண்ணை வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பொங்கல் கழிந்து அக்கா மைசூருக்கு வந்தாள். நிலத்தைப் பற்றி நானாகக் கேட்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போது அவளே சொன்னாள்:

"பட்டா எம் பேர்லதான் இருக்குது. குழிக்கு."