பேண்ட் புரொஃபசரைப் பற்றி நான் எழுதிய கடிதம்

அவருடைய வலது கை உயர்ந்ததும் எழுபது கருவிகளும் ஒரே கணத்தில் நின்றன. என் மகளை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார். சின்னத் துண்டு, பத்து விநாடிகூட இருக்காது. அவள் பிரெஞ்சு ஹார்னை எடுத்து ஊதினாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார். மறுபடி. மறுபடி. ஒன்பது வரை எண்ணினேன். ஆபீஸுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, மன்ஹாட்டன் ரயிலில் ஏறாமல், அவள் படிக்கும் பல்கலைக்கழக அரங்கின் கடைசி வரிசையில் ஒத்திகை பார்க்க வந்து உட்கார்ந்திருந்தேன். இந்த மனிதர் என் பெண்ணை எதற்கோ தயார் செய்கிறார் என்று தோன்றியது. எதற்கு என்பதுதான் பிடிபடவில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. நாங்கள் நியூ ஜெர்சியில், எடிசன் என்ற ஊரில் இருந்தோம். எட்டு வயதில் இங்கே வந்த என் மகள் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். பொழுதுபோக்குக்காகப் பல்கலைக்கழக விண்ட் பேண்டில் சேர்ந்திருந்தாள். வயலின் கிடையாது, ஊதுகிற கருவிகளும் தாளக் கருவிகளும் மட்டும். அதை நடத்தியவரை எங்கள் வீட்டில் ‘பேண்ட் புரொஃபசர்’ என்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே வீட்டுக்கு ஃபோன் செய்தார். உங்கள் மகள் நன்றாக வாசிக்கிறாள், அதைவிடப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நன்றாகச் சொல்லித் தருகிறாள், அவள் இசை ஆசிரியராக வேண்டியவள், யோசியுங்கள் என்றார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

கிரீன் கார்டுக்காகக் காத்திருந்த ஆண்டுகள் எனக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்திருந்தன. யாராவது சிரித்துக்கொண்டே ஒரு காகிதத்தை நீட்டினால் அதன் பின்பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன். ஆள் குறைந்து இசைத் துறையை மூடப்போகிறார்களோ, அதற்காகத்தான் பிள்ளை பிடிக்கிறாரோ? அதைவிட மோசமான எண்ணங்களும் வந்தன. அவற்றை இங்கே எழுதக் கூசுகிறது.

“அவர் மேல என்ன டவுட் உங்களுக்கு? நேரா போய்க் கேட்டுடுங்களேன்” என்றாள் மனைவி.

நான் கேட்கவில்லை. தோண்டினேன். மதிய இடைவேளைகளில் நூலகத்தில் பழைய கச்சேரி நிகழ்ச்சித் தாள்களையும் கல்லூரிச் செய்தித்தாள்களையும் புரட்டினேன். ஒஹையோவில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் பன்னிரண்டு வருடம் பேண்ட் நடத்தியிருந்தார். இங்கே வந்தபோது குழுவில் முப்பது பேர்கூட இல்லை. வாழ்ந்துகொண்டிருந்த இசையமைப்பாளர்களிடம் பேண்டுக்காகப் புதிய இசை எழுதி வாங்கி, அவர்களையே வரவழைத்து மாணவர்களோடு உட்கார வைத்திருந்தார். நியூ ஜெர்சிப் பள்ளிகள் பலவற்றில் அவரிடம் படித்தவர்கள்தான் பேண்ட் ஆசிரியர்கள். வேறு யாராக இருந்தாலும் இதற்கு மரியாதை கொடுத்திருப்பார்கள். என் கண் ஒரே இடத்தில் போய் நின்றது. ஒஹையோ வேலையைப் பள்ளி ஆண்டின் நடுவில் விட்டிருந்தார். அதன் பிறகு ஒன்றரை வருடம் எங்கேயும் அவர் பெயரே இல்லை.

அந்த ஒத்திகையைப் பார்த்துவிட்டு வந்த வாரம் டீனுக்குக் கடிதம் எழுதினேன். என் மகளை இன்ஜினியரிங்கிலிருந்து இழுக்கிறார் என்று எழுதவில்லை. எழுதினால் நான் யாரென்று தெரிந்துவிடும். மாணவர்களைத் தனிமைப்படுத்தி அவமானப்படுத்துகிறார், படிப்பை மாற்றச் சொல்லி வற்புறுத்துகிறார், முந்தைய வேலையை ஏன் பாதியில் விட்டார் என்று விசாரியுங்கள் என்றுதான் எழுதினேன். கீழே ‘கவலையுள்ள ஒரு பெற்றோர்’. பெயர் போடவில்லை.

விசாரித்தார்கள். அந்த வசந்தகாலத்தில் பேண்ட் போகவிருந்த சுற்றுப்பயணம் ரத்தானது. பேண்ட் முழுக்க வதந்தி பரவியது. ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேஜையில் மகள் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“யாரோ அனானிமஸா லெட்டர் போட்டிருக்காங்கப்பா. புரொஃபசர் இன்னைக்கு ரிஹர்சல்ல கையில இருந்த பேட்டன் குச்சியைக் கீழ வச்சிட்டு எங்க எல்லார்கிட்டயும் சொன்னார். அந்த ஒன்றரை வருஷம் அவரோட வைஃப் சாகக் கிடந்தாங்களாம். வீட்லயே இருந்து பாத்துக்கிட்டாராம். ‘இதை உங்ககிட்ட சொல்ல வேண்டி வரும்னு நினைக்கல’ன்னார். அப்புறம் நாங்க விட்ட இடத்துலேர்ந்து மறுபடி வாசிச்சோம்.”

மனைவி என்னைப் பார்த்தாள். நான் குழம்பு ஊற்றிக்கொண்டேன். “அப்படி யாருப்பா பண்ணுவா?” என்று மகள் கேட்டதற்கு, “இந்த ஊர்ல யாரை நம்புறது?” என்றேன். அந்தப் பதில் என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

குற்றம் எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு அவர் ராஜினாமா செய்துவிட்டு டெக்சஸில் ஒரு சின்னக் கல்லூரிக்குப் போய்விட்டார். என் மகள் என்னைக் கேட்காமலே இசைக் கல்விக்கு மாறினாள். பட்டம் வாங்கியதும் ஒரு நடுநிலைப் பள்ளியில் பேண்ட் ஆசிரியரானாள். அவள் வகுப்பை ஒருமுறை பார்த்தேன். ஒரு மாணவியை ஒரே இடத்தைப் பலமுறை வாசிக்க வைத்தாள். கடைசியில் அது சரியாக வந்தபோது அந்தச் சிறுமியின் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்தேன். அப்படியொரு சிரிப்பு என் மகள் முகத்திலும் அன்று வந்திருக்கலாம். நான் ஒன்பதாவது தடவையோடு எழுந்து போய்விட்டேன்.

அன்று திரும்பும் வழியில் காரில் அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். “என்கிட்ட ஏம்ப்பா சொல்றீங்க? அவர்கிட்ட சொல்லுங்க” என்று நம்பரை எழுதிக் கொடுத்தாள்.

மூன்று நாள் கழித்து டெக்சஸுக்குப் பேசினேன். நான் யார், என்ன செய்தேன் என்று சொன்னேன். மறுமுனையில் யாரோ கிளாரினெட் பழகும் சத்தம் கேட்டது. அவர் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றார். பிறகு என் மகளின் பேண்டில் எத்தனை ஹார்ன் இருக்கிறது என்று விசாரித்தார். இரண்டு என்றேன். போதாது, இன்னும் இரண்டு பேரைச் சேர்க்கச் சொல்லுங்கள் என்றார். வைத்துவிட்டார்.

அவர் மன்னித்துவிட்டார் என்று மகள் சொல்கிறாள். அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்த உரையாடலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், அதன் பின்பக்கத்தில் வேறேதாவது எழுதியிருக்கிறதா என்று. அவர் இப்போது இல்லை. கேட்க வேண்டிய காலத்தில் நான் கேட்கவில்லை.