கப்பி அலியார் தூக்கிய திமிங்கிலம்

கிண்ணியாவில் அலியார் என்ற பெயரில் பலர் இருந்தார்கள். கப்பி அலியார் ஒருவர்தான். கயிறு ஓடுகிற உருளையைத்தான் கப்பி என்பார்கள். பத்தொன்பது வயதில் திருகோணமலையில் வெள்ளைக்காரரின் கடற்படைத் தளத்தில் கலாசியாகச் சேர்ந்து, யுத்த காலம் முழுக்கப் பீரங்கிக் குழல்களையும் கப்பல் இயந்திரங்களையும் கயிற்றாலும் கப்பியாலும் ஏற்றி இறக்கியவர். ஒரு பாரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தாரென்றால், அது எத்தனை அந்தர் எடை என்று சொல்லிவிடுவார். சொன்னது பெரும்பாலும் பிசகாது.

1957இல் வெள்ளைக்காரர் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனார்கள். அலியாரின் வேலையும் அதோடு போயிற்று. அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது. பிறகு கிணற்றில் விழுந்த மாடு, சேற்றில் புதைந்த லொறி, கரையேற்ற வேண்டிய வள்ளம் என்று யாராவது கூப்பிட்டால் போவார். பாரங்கள் சிறுத்துக்கொண்டே வந்தன. அது அவரை வருத்தியது. அதை வெளியே சொல்கிற ஆள் அல்ல அவர்.

1963 மார்கழியில், மாரிக் கடல் கொந்தளித்து ஓய்ந்த மறுநாள், கொட்டியாரக் குடாவின் கரையில் ஒரு திமிங்கிலம் செத்து ஒதுங்கியது. ஐம்பத்திரண்டு அடி நீளம். உடம்பில் மூன்றில் ஒரு பங்கு தலை. கீழ்த்தாடையில் மட்டும் பல். ஊரே திரண்டு வந்து பார்த்தது. இரண்டாம் நாள் நாற்றம் கிளம்ப, ஊர் அதே வேகத்தில் திரும்பிப் போயிற்று. மாவட்ட நிருவாகக் கச்சேரியிலிருந்து வந்த அதிகாரிகள் அதை இழுத்துக்கொண்டுபோய் ஆழக்கடலில் விட்டுவிடும்படி சொன்னார்கள்.

அந்த நேரத்தில்தான் மிஸ் மாகிரட் வந்து சேர்ந்தார். கொழும்பின் பழைய அரசாங்க விஞ்ஞானக் கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர். கிறிஸ்து பிறப்பான நத்தாரின் விடுமுறைக்குத் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் இருந்த தமையன் வீட்டுக்கு வந்தவர், கேள்விப்பட்டதும் பாதையேறிக் கிண்ணியாவுக்கு வந்துவிட்டார். வாகனங்களை ஏற்றித் துறையைக் கடக்கும் மிதவையை அங்கே பாதை என்றுதான் சொல்வார்கள். மிஸ்ஸுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மூக்கைப் பொத்தாமல் திமிங்கிலத்தைச் சுற்றி நடந்தார். எண்பது வருடமாக அந்தக் கல்லூரியின் நூதனசாலையில் காட்சிக்கு ஒரு திமிங்கில எலும்புக்கூடு இல்லை, இதை விட்டால் இனிக் கிடைக்காது என்று கச்சேரிக்காரரிடம் மன்றாடி இரண்டு நாள் தவணை வாங்கினார். பிறகு மீனவரிடம் கேட்டார். ஒருவரும் கிட்ட வரவில்லை. அலியாரிடம் போகச் சொன்னார்கள்.

அலியார் வந்து, வழக்கம்போல ஒருமுறை சுற்றி நடந்தார். இதை அலை தொடாத மேட்டுக்கு இழுக்க ஏலுமா என்று மிஸ் கேட்டார்.

"ஏலும் மிஸ். ஒரே மூச்சில ஏலாது," என்றார் அலியார்.

கரையில் பனங்குற்றிகளைப் பரப்பி, மேட்டிலிருந்த புளியமரத்தில் கப்பிகளைக் கட்டி, இரண்டு லொறிகளையும் இருபது ஆட்களையும் வைத்து, அலியார் அதை அடி அடியாக மேலே கொண்டுவந்தார். ஒன்றரை நாள் பிடித்தது. கொழும்பிலிருந்து வந்த மாணவர்கள் சதையை வெட்டி அகற்றினார்கள். தலையை வெட்டியபோது மெழுகுபோல வெள்ளை எண்ணெய் வழிந்து மணலில் உறைந்தது. எலும்புகளை மணலில் புதைத்து, சுற்றிக் கிடுகு வேலி போட்டார்கள். மிச்சச் சதையை மண்ணும் புழுவும் தின்ன ஒரு வருடம் செல்லும். அதுவரை நாயும் நரியும் கிளறாமல் காவல் வேண்டும். அதையும் அலியாரே ஏற்றுக்கொண்டார்.

அவருடைய மனைவி பரீதா ஒரு வருடமும் அவரைக் கிணற்றடியில் நிறுத்தித் தேசிக்காய்ச் சாறும் சாம்பலும் போட்டுக் குளிக்கவைத்த பிறகுதான் வீட்டுக்குள் விட்டார். செத்த மீனுக்குக் காவல் இருக்கிறவர் என்று ஊர் சிரித்ததைக்கூடப் பரீதா பொறுத்துக்கொண்டார். நாற்றத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு கடைசியில் குழியைத் திறந்தார்கள். எலும்புகள் பழுத்த தந்தத்தின் நிறத்தில் வெளிவந்தன. மண்டையோடு ஒரு வள்ளத்தளவு இருந்தது. மாணவர்கள் ஒவ்வோர் எலும்புக்கும் இலக்கம் எழுதி, பாயில் ஒழுங்காக அடுக்கினார்கள். வலப்பக்கத் துடுப்பின் எலும்புகளை அடுக்கும்போது அலியார் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் தடித்த குட்டையான எலும்பு. அடுத்துச் சோடியாக இரண்டு. பிறகு சின்னச் சின்னதாகக் கூழாங்கற்கள் போலச் சில. அதற்கப்பால் வரிசைகள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

அவர் தன் வலக்கையை எடுத்து, விரல்களை விரித்து, அந்த எலும்புகளுக்குப் பக்கத்தில் பாயில் வைத்தார்.

"மிஸ், இது கை."

"ஓம் அலியார் நானா. கைதான். தோளிருக்கு, முழங்கை இருக்கு, மணிக்கட்டு இருக்கு. எல்லாத்தையும் மூடித் தோல் வளர்ந்திருக்கு."

"வெளியில பாத்தா துடுப்பு."

"ஓம்."

அலியார் எழுந்து கடலடிக்குப் போய் நின்றார். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அந்தக் கடலில் வேலை செய்தவர். துடுப்படித்துப் போகிற எத்தனையோ திமிங்கிலங்களைத் தூரத்தில் கண்டவர். அவை ஒவ்வொன்றும் விரித்த கையை மூடிவைத்துக்கொண்டு நீந்தியது அவருக்குத் தெரியாமலே இருந்துவிட்டது. அசர் தொழுகைக்குப் பாங்கு கேட்ட பிறகுதான் திரும்பினார். அன்று தொழுகையில் சுஜூதுக்குப் போனபோது, தரையில் ஊன்றிய தன் கைகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததாகப் பின்னாளில் பரீதாவிடம் சொல்லியிருக்கிறார்.

எலும்புகள் இரண்டு லொறிகளில் கொழும்புக்குப் போயின. மண்டையோடு பாதையில் ஏறியபோது மிதவை ஒரு பக்கம் சாய, துறையில் நின்றவர்கள் கலிமா சொன்னார்கள். அலியார் மண்டையோட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கொழும்பு வரை போனார்.

கல்லூரியைக் கண்டதும் அவருக்குக் காலிலிருந்த செருப்பைக் கழற்றத் தோன்றியது. கழற்றியும்விட்டார். இரண்டாள் உயரக் கதவுகள். தேய்ந்து நடுவில் குழிந்த கருங்கற் படிகள். சுவர் நெடுக, அங்கே படித்துச் சித்தியடைந்தவர்களின் பெயர்கள் பொன்னெழுத்தில் மேலே மேலே ஏறிக்கொண்டு போயின. நூதனசாலை மண்டபத்தில் கண்ணாடிப் போத்தல்களுக்குள் பாம்புகளும் மீன்களும் பிறக்காத குட்டிகளும் இருந்தன. இத்தனையையும் யாரோ தேடி, பெயர் வைத்து, எண்பது வருடம் தூசி தட்டி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அவரைத் திகைக்க வைத்தது. விற்பதற்கும் அல்ல, தின்பதற்கும் அல்ல. அறிவதற்கு மட்டும்.

திமிங்கிலத்தைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டுமென்று மிஸ் மாகிரட் விரும்பினார். பார்க்க வந்த இன்ஜினியர் தலையாட்டவில்லை. பழைய கூரை, தாங்காது, நிலத்தில் வைத்துவிடுங்கள் என்றார். அலியார் ஏணி வைத்துக் கூரைக்கு ஏறி, ஒவ்வோர் இரும்புச் சட்டமாகத் தட்டிக் கேட்டுக்கொண்டு அரை நாள் அங்கேயே இருந்தார். இறங்கிவந்து, ஒரு சட்டத்தில் தொங்கவிட்டால் இன்ஜினியர் சொல்வது சரி என்றார். ஆறு சட்டங்களுக்குக் குறுக்கே புதுத் தேக்கு உத்திரம் போட்டுப் பாரத்தைப் பகிர்ந்தால் தாங்கும் என்றார். அவர் சொல்லச் சொல்ல மிஸ் இங்கிலீசில் சொன்னார். இன்ஜினியர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அலியாரின் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். மண்டையோடு முப்பது அந்தர், அதாவது ஒன்றரைத் தொன். உத்திரத்தில் அறுபது அந்தர் மணல் மூட்டைகளைக் கட்டி மூன்று நாள் விட்டுப் பார்ப்பதென்று முடிவாயிற்று.

அந்த மூன்று நாளும் அலியாருக்கு வேலை இல்லை. கல்லூரியைச் சுற்றித் திரிந்தார். ஓர் ஆய்வுகூடத்தில் மிஸ் மாகிரட் அவரை நுணுக்குக்காட்டியின் முன்னால் உட்காரவைத்தார். திருகோணமலைத் துறைமுகத்தில் எடுத்துவந்த கடல்தண்ணீர், ஒரு துளி. அதற்குள் கண்ணாடியால் செய்ததுபோல முள்ளும் வாலும் கொண்ட பூச்சிகள் நீந்தின. ஒன்றினுடைய நெஞ்சு துடிப்பதுகூடத் தெரிந்தது. அந்தத் தண்ணீரில் எத்தனை ஆயிரம் தடவை முகம் கழுவியிருப்பேன் என்று அவர் கேட்டார். மிஸ் மாகிரட் அடுத்த துளியை எடுத்து வைத்தார்.

நான்காம் நாள் மணல் மூட்டைகளை இறக்கிவிட்டு மண்டையோட்டைக் கட்டினார்கள். கயிறுகளைப் பிடிக்க முப்பது மாணவர்கள். படிக்கட்டு நிறையக் கூட்டம். அலியார் மண்டையோட்டுக்கு நேர்கீழே நின்று கையால் சைகை காட்டினார். கை உயர்ந்தால் இழுக்க வேண்டும்; மூடினால் நிறுத்த வேண்டும். பன்னிரண்டு அடி ஏறியிருக்கும். மேலே உத்திரம் படீரென்று ஒரு சத்தம் போட்டது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கதவுக்கு ஓடினார்கள். கயிறு பிடித்த மாணவர்களின் கால்கள் பின்வாங்கின.

அலியார் கையை மூடினார். நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. தான் ஓரடி விலகினால் அந்தப் பிள்ளைகள் கயிற்றை விட்டுவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். தலைக்கு மேலே முப்பது அந்தர் தொங்க, மற்றக் கையைத் தாய்க்கயிற்றில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கயிறு அதிர்ந்தால் மரம் கிழிகிறது; அதிராவிட்டால் புதுமரம் பாரத்துக்குப் படிந்து இருந்துகொள்கிறது. நூறு எண்ணும் நேரம் அப்படி நின்றார்.

"மரம் இருந்துட்டுது," என்றார். "இழுங்க மக்கள்."

மண்டையோடு ஏறியது. அதன் பின்னால் ஐந்து நாளில் முதுகெலும்பும் விலாவும் தாடையும், கடைசியாக இரண்டு கைகளும் ஏறின. எல்லாம் முடிந்த அன்று பின்னேரம், மேற்கு ஜன்னல்களால் வெயில் வந்து எலும்புகளின் நிழல் சுவரில் விழுந்தது. கல்லூரித் தலைவர் அலியாரின் கையைப் பிடித்து இங்கிலீசில் ஏதோ சொன்னார். அது என்னவென்று மிஸ் மாகிரட்டிடம் அவர் கேட்கவில்லை. மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

நூதனசாலையில் நிரந்தர வேலை தருவதாகச் சொன்னார்கள். கடல் இல்லாத இடத்தில் தன்னால் இருக்க ஏலாது என்றார். கொழும்பிலும் கடல் உண்டென்று மிஸ் சொல்ல, அது வேறு கடல் என்று சொல்லிவிட்டு ரயிலேறினார். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் தை மாதத்தில் கல்லூரி அவருக்கு இலவசப் பயணத்துக்கான ரயில் வாறண்டு அனுப்பியது. போய்க் கம்பிகளை இறுக்கிவிட்டு வருவார். எலும்புகளிலிருந்து பல வருடங்களாக எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. நிலத்தில் விழுந்த துளிகளை அவரே துடைப்பார். புது மாணவர்கள் கதைத்துச் சிரித்துக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்து, அண்ணாந்து பார்த்ததும் அப்படியே நின்றுவிடுவதைக் காண்பதற்காகவே சில நாள் கூடுதலாகத் தங்குவார்.

1972இல் பரீதாவையும் கூட்டிக்கொண்டு போனார். பரீதா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, தலையிலிருந்து வால் வரை மெதுவாக நடந்தார். திரும்பவும் நடந்தார்.

"இதயா நீங்க தனிய தூக்கின?"

"தனிய எப்பிடித் தூக்கிற. முப்பது புள்ளைகள் இழுத்த."

"கீழ நிண்டது ஆரு?"

அலியார் குனிந்து நிலத்தில் கிடந்த எண்ணெய்த் துளியைத் துடைத்தார். இதை இஞ்ச கொண்டுவரத்தானா ஒரு வருசம் நாறினீங்க என்று சொல்லிப் பரீதா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அலியார் 1980இல், அறுபத்தொன்றாவது வயதில், நெஞ்சுவலியால் மவுத்தானார். கல்லூரிக்குத் தந்தி போயிற்று. மிஸ் மாகிரட் அப்போது விலங்கியல் பகுதியின் தலைவர், தலை நரைத்திருந்தது. மறுநாள் பஸ்ஸிலும் பாதையிலும் ஏறி வந்து, பெண்கள் இருந்த அறையில் பரீதாவுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். அவரைத் தெரியாத அயல் பெண்ணொருத்தி, அலியார் நானா கொழும்பில் ஒரு மாளிகைக் கூரையில் திமிங்கிலத்தைக் கட்டித் தூக்கினதாகச் சொல்வாரே, அது மெய்யா, கதைக்குச் சொன்னதா என்று மெல்லக் கேட்டாள்.

மிஸ் வாயைத் திறக்குமுன் பரீதா சொன்னார்: "மெய்தான் புள்ள. நான் அதுக்குக் கீழ நிண்டு பாத்தனான். இன்னும் தொங்குது."