ஆகாயத்தில் ஐந்து மணி, தரையில் மூன்று மணி

இங்கே தோஹாவில் ஒரு இடம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் மைலும் வராது, கிலோமீற்றரும் வராது. "நாலு சிக்னல்" என்பார்கள். வந்த புதிதில் எனக்கு அது பெரிய புதினம். நான் வேலை செய்யும் வாகன ரயர் கடையின் அரபி முதலாளி, லீவுக் கடதாசியில் கையெழுத்து வைக்கும்போது, "உன் வீடு எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். இலங்கையில் கட்டுநாயக்காவுக்கு விமானத்தில் ஐந்து மணி நேரம், அங்கிருந்து என் ஊர் கனமூலைக்கு வேனில் மூன்று மணி நேரம் என்றேன். அவர் பேனையை வைத்துவிட்டார்.

"உங்கள் தீவே பேரீச்சங்கொட்டை அளவுதான். மூன்று மணி நேரமா? வழியெல்லாம் மணல் மேடா?"

"இல்லை முதலாளி, வழியெல்லாம் ஊர்."

அவருக்கு விளங்கவில்லை. பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு நாள் கூட்டித் தந்தார். நீர்கொழும்பு நெரிசலையும், வீதிக்குக் குறுக்கே படுத்திருக்கும் மாட்டையும், தேத்தண்ணிக்கு இறங்கும் டிரைவரையும் சொல்ல என் அரபி போதாது. சண்டைக் காலத்தில் வாப்பா சவூதியிலிருந்து அதே பாதையில் வரும்போது, ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பெட்டியை இறக்கி ஏற்றியே பொழுது போய்விடும். இப்போது மூன்று மணி நேரம் என்பது அல்லாஹ் தந்த லேசு.

இரண்டு வருடத்துக்குப் பிறகு போன லீவு அது. தூரப் பயணம் போகிறவர் நாலு சுற்றுள்ள, அதாவது நாலு றக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கலாம் அல்லவா? பகல் தொழுகையான லுஹரை வழியில் சிலாபம் பள்ளிவாசலில் அப்படித்தான் தொழுதேன். வீட்டுக்குப் போய்ச் சேர மாலைத் தொழுகையான அஸர் நேரம் ஆகிவிட்டது. பிள்ளைகள் பெட்டியைச் சுற்றி நிற்க, கை கால் முகம் கழுவி வுளூ செய்து, தொழுகை விரிப்பான முசல்லாவை விரித்தேன். இரண்டு றக்அத்தில் சலாம் கொடுத்து முடித்து எழும்பினால், வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு மனைவி பரீதா.

"என்னங்க, ரெண்டோட முடிச்சிட்டீங்க?"

"பயணத்தில வந்தவன்தானே" என்றேன், யோசிக்காமல்.

"யார்ட ஊட்டுக்கு வந்தீங்க? பயணக்காரன் எண்டா சொல்லுங்க, பாயை விறாந்தையில போடுறன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கோப்பையைத் தரவில்லை, கண் நிறைந்திருந்தது. ஊருக்குள் கால் வைத்ததும் அந்தச் சலுகை முடிந்துவிடும் என்பது சின்ன வயதில் ஓதியதுதான். அதை எப்படி மறந்தேன்? என் வீட்டிலேயே நான் விருந்தாளி ஆகிவிட்டேனா? திரும்பவும் தக்பீர் கட்டி, முதலிலிருந்து தொழத் தொடங்கினேன். நாலு றக்அத்தும் முடித்துத் திரும்பியபோது, கோப்பை கதிரையில் மூடி வைக்கப்பட்டிருந்தது.

"ஆறிப் போச்சு. சூடாக்கித் தாரன்."

"வேணாம். இப்படியே தாங்க."

அல்ஹம்துலில்லாஹ், லீவு முழுக்க நாலுதான். இங்கே தோஹாவிலும் நாலுதான், இங்கும் நான் குடியிருப்பவன்தானே. திரும்பும் நாள் பகல் சாப்பாட்டுக்குப் பின் வேன் வந்தது. பரீதா படலையடியில் நின்று, "இண்டைக்கி ரெண்டு தொழுதா ஒண்டும் சொல்ல மாட்டன்" என்றாள்.

சிலாபம் பள்ளிவாசலில் அஸருக்கு இரண்டோடு சலாம் கொடுத்தேன். அந்நேரம் கனமூலையில் அவள் மூன்றாவது றக்அத்துக்கு எழும்பியிருப்பாள்.