ஷெட்டுக்குப் போன ஸ்கேன்

மின்சார ரயிலில் தினமும் போகிறவர்கள் சேர்ந்து நடத்தும் வாட்ஸாப் குழுவில் எனக்கு 'வருங்கால மந்திரி' என்று பெயர். நாலாவது பாதை, ஏசி வண்டி, கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ என்று எது வரப்போவதாகச் செய்தி வந்தாலும் முதலில் அனுப்புகிறவன் நான்தான். பாதிப் பேர் படிப்பதே இல்லை. பொழிச்சலூரில் வயலாக இருந்த சொந்த இடத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணன் மட்டும் படித்துவிட்டு, "இன்னா சார், அது வர்றதுக்குள்ள நாம போய்ச் சேர்ந்துருவோமா?" என்று கேட்பார்.

போன மாதம் என் மனைவியின் முதுகு வலிக்கு ஆபரேஷன்தான் வழி என்றார் ஒரு டாக்டர். இன்னொருவரையும் கேட்கலாமென்று பார்க் ஸ்டேஷன் பக்கம் ஒரு பெரிய டாக்டரிடம் நேரம் வாங்கினோம். எங்களுக்குக் கிடைத்த நாளுக்கு மறுநாள் அவர் வெளிநாடு போகிறார். ஸ்கேன் ஃபிலிம் இல்லாமல் வராதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

சிட்லபாக்கத்திலிருந்து எங்களுக்கு சானடோரியம்தான் பக்கம். ஆனால் காலையில் அங்கே ஏறினால் நிற்கத்தான் முடியும், அவளால் நிற்க முடியாது. அதனால் எதிர்த்திசையில் ஒரு ஸ்டேஷன் போய், தாம்பரத்தில் புறப்படும் வண்டியில் உட்கார்ந்து திரும்பி வருவது என்று முடிவு. எங்கள் பக்கத்து ஆட்களின் ராஜதந்திரம் இது.

தாம்பரத்தில் ஒரு வண்டி வந்து நின்றது. சீட்டுக்குக் கர்ச்சீப் போடுவது வழக்கம். நான் கர்ச்சீப்பை மறந்திருந்தேன். கையிலிருந்த ஸ்கேன் ஃபிலிம் பையை ஜன்னல் வழியாகப் போட்டேன். வேறு யாருமே ஏறவில்லை. ஜனங்களுக்கு விவரம் போதவில்லை என்று பரிதாபப்பட்டபடி, மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்த மனைவியைக் கூட்டிவரப் போனேன். பயணிகள் யாரும் ஏற வேண்டாம், வண்டி ஷெட்டுக்குப் போகிறது என்று அறிவிப்பு வந்துகொண்டே இருந்ததாம். என் காதில் விழுந்தபோது வண்டி நகர்ந்துவிட்டது.

"பை எங்க?"

"சீட்ல."

"சீட் எங்க?"

நான் வண்டியின் வாலைக் காட்டினேன்.

அவள் திட்டவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள். "அப்ப ஆபரேஷன்தானா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

குழுவில் விஷயத்தைப் போட்டேன். "மந்திரி ஷெட்டைத் திறந்து வைக்கிறாரா?" என்று ஒருவர் கேட்டார். அதற்குள் பொழிச்சலூர் அண்ணன் போன் செய்துவிட்டார்.

"எந்தப் பொட்டி சார்?"

"லேடீஸுக்கு அடுத்தது."

"ஷெட்டாண்ட வண்டி கழுவுற காண்ட்ராக்ட்ல நம்ம மச்சான் கீறான். சொல்றேன். தங்கச்சிய உட்கார வெச்சுக்கினு நீங்க அங்கயே இருங்க. எங்கயும் ஓடாதீங்க, அதான் முக்கியம்."

ஷெட்டிலிருந்து அடுத்த காலி வண்டி வந்தது. அதிலும் லேடீஸுக்கு அடுத்த பெட்டியில், ஜன்னலோரம், மடியில் என் பையோடு மச்சான் உட்கார்ந்திருந்தார். எழுந்து அவளுக்கு இடம் கொடுத்து, பையை என்னிடம் நீட்டினார். டீ குடிக்கலாம் என்றேன். "டீ கெடக்கட்டும் சார். பைய அக்கா கையில குடுங்க" என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார்.

பல்லாவரத்தில் அண்ணன் ஏறினார். எங்களுக்காக இரண்டு வண்டிகளை விட்டிருக்கிறார். பாரிமுனையில் சரக்கு எடுக்க நேரமாகுமே என்றேன். "முதலாளியே நான்தான், யார் கேக்கப் போறா?" என்றார். கூட்டம் அவள் முழங்காலில் இடிக்காதபடி பார்க் வரைக்கும் குறுக்கே நின்றுகொண்டு வந்தார். இந்த வழித்தடத்துக்கு எத்தனை திட்டம் வந்தாலும் அதில் இப்படி ஒரு வசதி இருக்குமா தெரியவில்லை.

டாக்டர் ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "இப்போதைக்குக் கத்தி வேண்டாம். பயிற்சி செஞ்சு பாப்போம்" என்றார்.

வெளியே வந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டேன். மனைவி பிடுங்கிக்கொண்டாள்.

"அண்ணா, ஆபரேஷன் வேணாமாம்."

அந்தப் பக்கம் அவர் ஏதோ நீளமாகச் சொன்னார். ரொம்ப நாளைக்குப் பிறகு, இடுப்பைப் பிடித்துக்கொள்ளாமல் அவள் சிரித்தாள்.

"என்ன சொன்னாரு?"

"உங்களப் பத்திதான்" என்றாள். நான் கை நீட்டியும் பையை என்னிடம் தரவில்லை.