கை படாத சேலை

மதுரைப் பத்துத்தூண் சந்துப் பக்கம் சூடாமணியை ஏமாற்றிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளும் வியாபாரி ஒருவரும் கிடையாது. பால்காரர் பாலை ஊற்றினால் விரலை விட்டுப் பார்ப்பாள். மண்ணெண்ணெயை முகர்ந்து பார்ப்பாள். கோயில் பொங்கலில் நெய் குறைந்திருக்கிறது என்று முதல் வாயிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவாள். சின்ன வயதிலேயே கணவனை இழந்து, சுங்கடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டே ஒரே மகன் சௌந்தரராஜனை ஆளாக்கியவள். கண்டவனையும் நம்பியிருந்தால் இந்நேரம் தெருவில் நின்றிருப்போம் என்பது அவள் கட்சி. அதில் நியாயமும் இருந்தது.

சுங்கடி வேலை அப்படி ஒன்றும் எளிதல்ல. வெள்ளைத் துணியை மடித்து, மடிப்பை ஒட்டி வரிசை பிசகாமல் நகத்தால் துளித்துளியாகக் கிள்ளியெடுத்து, ஒவ்வொன்றிலும் நூலைச் சுற்றி இறுக்க வேண்டும். சாயத்தில் முக்கி உலர்த்தி இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் தெறித்து விழும். சாயம் ஏறாத இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். முடிச்சுப் போட்டவள் செய்த தப்பு அதுவரை வெளியே தெரியாது. சூடாமணியின் புள்ளியில் தப்பே இருக்காது. எதிர்வரிசையில் சாயப்பட்டறை வைத்திருந்த ஜனகராஜ், “இது சூடாமணியம்மா கை” என்று சொல்லித்தான் சேலையை விரிப்பார். வாங்குகிறவர்கள் விலை பேசவே மாட்டார்கள்.

ஜப்பான் சண்டை வந்ததும் வந்தது, சூடாமணிக்கு உலகத்தில் எதுவுமே சரியில்லாமல் போயிற்று. மண்ணெண்ணெய் விளக்கு மங்கலாக எரிந்தது. தண்ணீர் கலக்கிறான் என்றாள். ஊசியில் நூல் நுழைய மறுத்தது. சீமையிலிருந்து ஊசி வராததால் இங்கேயே எவனோ காதைச் சின்னதாக அடித்து விற்கிறான் என்றாள். சோற்றில் கல் கடிபட்டது. அதற்கு ரேஷன் கடைக்காரனின் ஏழு தலைமுறைக்கும் அர்ச்சனை நடந்தது.

“அம்மா, ஒருக்கா கண்ணைக் காட்டிட்டு வருவோமே” என்று சௌந்தரராஜன் ஒருநாள் மெதுவாகச் சொன்னான். மில்லில் கணக்கு எழுதுகிறவன், அம்மாவுக்கு எதிரே குரல் உயர்த்தாத பிள்ளை.

“என் கண்ணுக்கு என்னடா கேடு? தெற்குக் கோபுரத்து உச்சியில எம்புட்டு கிளி உக்காந்திருக்கு, எண்ணிச் சொல்லவா? நீ சொல்லு பார்ப்போம்!”

அவனால் சொல்ல முடியவில்லை. அவளால் முடிந்தது. தெருக்கோடியில் வருகிறவன் சட்டையில் பொத்தான் இல்லாததை வாசலிலிருந்தே சொல்லுவாள். அப்படிப்பட்ட கண்ணைக் குறை சொல்ல அவளுக்கு எப்படி மனம் வரும்? ஆகவே குறை வேறு யாரிடமாவது இருந்தாக வேண்டும். அந்தத் தை மாதம் பரமக்குடியிலிருந்து மருமகள் வந்து சேர்ந்தாள்.

அலர்மேல்மங்கை என்று பெயர். வீட்டில் மங்கை. பெண் பார்க்கப் போனபோது தலை நிமிரவே இல்லை. என்ன அடக்கம் என்று சூடாமணி மெச்சிப் போய்த்தான் தாம்பூலம் மாற்றினாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் அடக்கத்தின் லட்சணம் தெரிந்தது. தெருவில் எதிரே வரும் அத்தைமார் சிரித்தால் இவள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பாள். “உன் மருமகளுக்கு ரொம்பத்தான் கொழுப்பு” என்று சொந்தக்காரர்கள் வாசலேறி வந்து சொன்னார்கள்.

சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் பக்கத்து வீட்டுப் பெண்களோடு போய் வந்தாள். “அழகர் என்னடி பட்டு கட்டியிருந்தாரு?” என்று கேட்டாள் சூடாமணி. அழகர் கட்டும் பட்டின் நிறத்தை வைத்துத்தான் அந்த வருஷம் மழையா வறட்சியா என்று மதுரையே பேசும். சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

“கூட்டம் அத்தை. சரியாத் தெரியலை.”

கரையில் நின்றவளுக்கு அழகர் தெரியவில்லையாம்! அப்படியானால் ஆற்றுக்குத்தான் போனாளா, வேறு எங்கேயாவது போனாளா? அந்தக் கேள்வி சூடாமணியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு வேவு பார்க்க ஆரம்பித்துவிட்டாள். ஒருநாள் தெருக் கிணற்றடியிலிருந்து பார்த்தபோது மங்கை வாசல்படியில் நின்று எதிர்ப் பட்டறையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். சுருக்குவதும் விரிப்பதும் மறுபடி சுருக்குவதும். எதிரே சாயத்தொட்டியருகே நின்றவன் முத்திருளன், பேரையூர்ப் பக்கத்து இளவட்டம், கூலிக்குச் சாயம் முக்குகிறவன். சூடாமணிக்குச் சந்தேகமே இல்லை. ஜாடையேதான்! மகனிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் பையன் செத்துவிடுவான் என்று பயந்தாள். மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கினாள்.

ஆடி பிறந்ததும் வழக்கப்படி மங்கையை அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அந்த மாதம் சூடாமணி முடிச்சுப் போட்டுக் கொடுத்த சேலை சாயம் ஏறி வந்தபோது வரிசை பிசகியிருந்தது. ஜனகராஜ் சேலையைத் திருப்பி அனுப்பவில்லை. ஒன்றும் பேசாமல் ஒதுக்கி வைத்தார். அதுதான் சூடாமணிக்கு அதிகமாகச் சுட்டது.

‘போகிறதுக்கு முந்தியே ஏதோ செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்’ என்று முடிவு கட்டினாள். ஊரில் இல்லாதவள் எப்படிச் செய்வாள் என்ற கேள்விக்கெல்லாம் சந்தேகக்காரர்கள் நிற்பதில்லை.

ஆவணியில் மங்கை திரும்பி வந்தாள். ஒரு மத்தியானம் பெருமாள் கோயிலில் நடை சாத்திவிட்டதால் சூடாமணி சீக்கிரமே வீடு திரும்பினாள். தெருமுனையிலிருந்தே தெரிந்தது. திறந்த கதவுக்குள் மங்கை உட்கார்ந்து, சூடாமணியின் சேலையை மூக்கோடு ஒட்ட வைத்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். விடுவிடுவென்று வந்து நுழைவதற்குள் துணி மடித்துப் பெட்டிமேல் ஏறிவிட்டது.

“என்னடி செஞ்சே?”

“ஒண்ணுமில்லை அத்தை. மடிச்சு வெச்சேன்.”

பொய்! இதற்குமேல் சாட்சி எதற்கு? வாயில் சோறு போட்டு வளர்த்த தொழிலையே கெடுக்கிறாள், மாமியார் பெயரைக் கெடுத்துவிட்டு வீட்டைத் தன் கைக்குள் போட்டுக்கொள்ளப் பார்க்கிறாள் என்று சூடாமணி கொதித்தாள். அன்று முதல் முடிச்சுப் போட்ட துணியைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். ஒரு சேலை முழுக்க மங்கையின் மூச்சுகூடப் படாமல் முடித்தாள். அதைத் தானே கொண்டுபோய் ஜனகராஜிடம் கொடுத்தாள்.

“இதைச் சாயம் போட்டு நல்லா உலர்த்திப் பிரிச்சு, நான் சொல்ற அன்னைக்கு வாசக் கம்பத்துல விரிச்சுப் போடுங்கண்ணே. நாலு பேரு பார்க்கணும்.”

பரமக்குடிக்கு ஆள் போயிற்று. சம்பந்தி கோவிந்தராமன் மறுநாளே ரயிலேறி வந்து, ஜட்கா வண்டியை வாசலில் நிறுத்தினார். சூடாமணி அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. மங்கை துணிமூட்டையோடு கதவோரம் நின்றாள். சௌந்தரராஜன் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போயிடுங்க. என் வேலையைக் கெடுக்குறா. அதுக்குச் சாட்சி இருக்கு.” இன்னொன்றும் நாக்கு நுனியில் நின்றது. அவர் எதிர்த்துப் பேசினால் முத்திருளன் பேரையும் சொல்லிவிடுவது என்று வைத்திருந்தாள். சொல்லிவிட்டால் அப்புறம் அந்தப் பெண்ணுக்கு மதுரையிலும் இடமில்லை, பரமக்குடியிலும் இடமில்லை. அது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

“அதோ பட்டறை வாசல்ல தொங்குறது இவ கை படாத சேலை. அதைப் பார்த்துட்டுப் பேசுங்க.”

எல்லோரும் திரும்பினார்கள். தெருவுக்கு அந்தப் பக்கம் அரக்குச் சேலை காற்றில் விரிந்து தொங்கியது. சூடாமணியும் பார்த்தாள். கிளியை எண்ணுகிற கண் அது, சேலையை விடுமா? வரிசைகள் வளைந்து கிடந்தன. ஓரிடத்தில் இரண்டு முடிச்சு ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தது. ஓரிடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புள்ளியே இல்லை. பட்டறை வாசலில் நின்ற ஜனகராஜ் மரியாதைக்காக முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

மடியில் வைத்துக் கட்டும்போது அழகாகத்தானே இருந்தது? இருந்ததா? மடியில் இருந்தபோது அதை அவள் பார்த்தாளா, விரல் பழக்கத்தில் கட்டிக்கொண்டே போனாளா?

பக்கத்தில் மங்கையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைச் சுருக்கினாள், விரித்தாள், மறுபடி சுருக்கினாள். அதே ஜாடை! சூடாமணி சட்டென்று பட்டறையை நோட்டம் விட்டாள். முத்திருளன் அங்கே இல்லை. சேலைதான் இருந்தது.

“எதைடி அப்படிப் பார்க்குறே?”

“சேலை நல்லா வந்திருக்கா அத்தை?” என்றாள் மங்கை தாழ்ந்த குரலில். “எனக்கு இங்கேயிருந்து செகப்பா மட்டுந்தான் தெரியுது.”

கோவிந்தராமன் முன்னால் வந்து கைகூப்பினார். “சம்பந்தியம்மா, மன்னிக்கணும். தூரத்துல இருக்கிறது அவளுக்குத் தெரியாது. கிட்டத்துல எறும்புக் கால்கூடத் தெரியும். கண்ணாடி போட்ட பொண்ணுன்னா யாரு கட்டுவான்னு மறைச்சிட்டோம்.”

சிரித்த அத்தைமாரும், அழகர் கட்டிய பட்டும், சாயத்தொட்டியும் சூடாமணியின் மனசில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அவள் கைக்குப் புதிதாக ஓர் ஆயுதம் கிடைத்திருந்தது. குறையை மறைத்துத் தலையில் கட்டிவிட்டீர்களே என்று தெருவைக் கூட்டியிருக்கலாம். வாயைத் திறக்கவும் திறந்தாள். ஆனால் எதிரே தன்னுடைய குறை கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

“அன்னைக்கு என் சேலையில என்ன செஞ்சே? நெசத்தைச் சொல்லு.”

“விட்டுப்போன முடிச்சைக் கட்டி வெச்சேன் அத்தை. வரிசை மாறினதை அவுத்துத் திருப்பிக் கட்டினேன்.”

“எப்ப இருந்து?”

“வந்ததுல இருந்து. சொன்னா உங்களுக்கு மனசு கஷ்டப்படும்னு சொல்லலை.”

சூடாமணி வாசலில் இறங்கி, தெருவுக்கே கேட்கிற குரலில் ஜட்காக்காரனைப் பார்த்துச் சொன்னாள்: “நீ போப்பா. யாரும் வரலை.” அதே குரலில் சம்பந்தி பக்கம் திரும்பினாள். “உங்க பொண்ணுக்கு மட்டும் இல்லை. எனக்கும் கண்ணு தெரியலை.”

ஆயுசில் அவள் பேசியதிலேயே கஷ்டமான பேச்சு அதுதான்.

கண் டாக்டர் சிரித்துக்கொண்டே, நாற்பதைத் தாண்டினால் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது எல்லோருக்கும் நடப்பதுதான், பெரிய வியாதி ஒன்றுமில்லை என்றார். சிறுபெண்ணுக்குத் தூரம் தெரியாததற்கும் கண்ணாடிதான் வைத்தியம் என்றார். சூடாமணி அவரையும் முழுசாக நம்பவில்லை. செய்து வந்த கண்ணாடிகளை மாற்றிக் கொடுத்துவிட்டாரோ என்று இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள். ஒரே வீட்டில் மாமியாரும் மருமகளும் கண்ணாடி போடுகிறார்கள் என்று தெரு கொஞ்சநாள் சிரித்தது. தெருவைப் பார்த்து மங்கை பதிலுக்குச் சிரித்தாள். இப்போது அவளுக்கு யார் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்த அன்று சூடாமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் அரிசியைத்தான் பார்த்தாள். சுளகில் அத்தனை கல் கிடந்தது. அடுத்து மருமகளின் கையைப் பிடித்து இழுத்து வெளிச்சத்தில் வைத்தாள். விரல் மடிப்பெல்லாம் நூல் அறுத்த கோடுகள். தன் வேலையும் மாமியாரின் வேலையும் சேர்த்துச் செய்த கை. அந்தக் கையிலிருந்து எத்தனையோ முறை சாப்பாடு வாங்கியிருக்கிறாள். இத்தனை நாள் அது கண்ணில் படவில்லை.

இடுப்பிலிருந்து தகரப் பெட்டியின் சாவியை அவிழ்த்து அந்தக் கையில் வைத்தாள்.