சின்னவள் காலி செய்த கூடம்

விற்கப் போகிற வீட்டுக்குள் நுழைந்ததும் சின்னவள் முதலில் செய்வது, கண்ணை மூடிக்கொண்டு மூச்சை நன்றாக இழுப்பது. மூடிக் கிடந்த அலமாரியின் நெடியா, சுவரில் இறங்கிய ஈரமா, சமையலறைத் தொட்டியின் அடைப்பா என்று மூக்கு சொல்லிவிடும். வீட்டுக்காரர்களுக்கு அது தெரியாது; பழகிய வாடை யாருக்கும் தெரியாது. வாங்க வருகிறவர்களுக்கோ வாசலிலேயே தெரிந்துவிடும்.

அலுவலகங்களில் தரை துடைக்கும் வேலையில் ஆரம்பித்தவள் அவள். விலை போகாமல் கிடந்த ஒரு வீட்டைக் கழுவ வீட்டுத் தரகர் ஒருவர் கூப்பிட்டார். போனவள் கழுவியதோடு நிற்கவில்லை. ஜன்னலை மறைத்து நின்ற பீரோவை நகர்த்தினாள், பாதிச் சாமானைப் பின் அறையில் அடுக்கினாள். அந்த வாரமே வீடு கைமாறியது. அதன் பிறகு தரகர் அவளை விடவில்லை. "வீட்டுக்கு மேக்கப் போடுறவ" என்று போகிற இடமெல்லாம் சொல்லித் திரிந்தார். அந்தப் பேர் அவளுக்குப் பிடிக்காது. மேக்கப் என்றால் பூசி மறைப்பது. ஒழுகும் சுவருக்கு முன்னால் அலமாரியைத் தள்ளி வைக்கச் சொன்ன ஒருவரிடம், நீங்களே தள்ளிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அவள்.

அவளுடைய வேலை நிதானமானது. ஜன்னல் கண்ணாடியைப் பழைய பேப்பரால் தேய்ப்பாள். கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவாள். ஆணி பிடுங்கிய ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைப்பாள். கடைசியாகத் தரை. அவள் தேய்த்த தரையில், முன்பு எந்தச் சாமான் எங்கே நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது. கனமானவற்றைத் தூக்க அக்கா கூட வருவாள். அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. சின்னவள் குழாயை விடாமல் தேய்த்தால், "போதும்டி, கரைஞ்சு ஓடிடப் போகுது" என்பாள்.

அன்று போனது ஓய்வு பெற்ற தையல்காரர் ஒருவரின் வீடு. மனைவி போன பிறகு தனியாக இருந்தார். மகள் வேறு ஊரில். வீட்டை விற்றுவிட்டு, கடைத்தெருவுக்குப் பக்கத்தில் ஓர் அறையும் சமையலறையும் உள்ள சின்ன வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது அவர் எண்ணம். தனியாக எதற்கு, என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்பது மகளின் பேச்சு. வாங்குகிறவர்கள் பார்க்க வரும் நாளில் மகளும் வருவதாக இருந்தாள்.

வீடு சுத்தமாகத்தான் இருந்தது. சாமான் வைத்திருந்த விதம்தான் சின்னவளுக்குப் புரியவில்லை. கூடத்துக்கு நட்டநடுவே ஒரு முக்காலி. சமையலறைக்குப் போகிற வழியை மறித்தாற்போல ஒரு மேஜை, அதுவும் கோணலாக. நாற்காலிகள் ஒன்றன் முதுகை ஒன்று பார்த்து, பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் போல வரிசையாக நின்றன.

"இது வீடா, சாமான் கடையா?" என்றாள் அக்கா காதோடு.

கூடத்தை மட்டும் இப்படியே விட்டுவிடலாமா என்று தையல்காரர் கேட்டார். மகள் போனிலேயே, அவர்கள் சொல்கிறபடி செய்ய விடுங்கள் அப்பா என்று முடித்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து அவரைக் கைபிடித்துத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். அந்தக் கையைச் சின்னவள் பார்த்தாள். வயசானவர், படியில் இறங்குகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

மதியத்துக்குள் கூடம் விரிந்து கிடந்தது. முக்காலி பின் அறைக்குப் போனது. மேஜை சுவரோரம் ஒட்டிக்கொண்டது. இரண்டே நாற்காலிகள் ஜன்னல் பக்கம். தரை பளபளத்தது. தரகர் எட்டிப் பார்த்துவிட்டு, இப்போது கேட்கிற விலைக்குப் போகும் என்று சந்தோஷமாகக் கிளம்பினார்.

பக்கத்து வீட்டுக்காரர் வாசல்வரை கொண்டுவந்து விட, தையல்காரர் திரும்பி வந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே ஓர் அடி வைத்துக் கையை நீட்டினார். கைக்கு எதுவும் அகப்படவில்லை. இன்னும் ஓர் அடி. சின்னவள் ஜன்னலோரம் நின்று, எப்படி இருக்கிறது ஐயா என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது, ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார் அவர், சுவரைப் பார்த்து. பிறகு சமையலறை என்று நினைத்து நடந்து மேஜையின் முனையில் இடுப்பை இடித்துக்கொண்டார்.

அக்கா ஓடிப்போய்ப் பிடித்தாள். சின்னவள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். ஒவ்வொரு சாமானும் எதற்காக எங்கே நின்றது என்பது இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. வாசலிலிருந்து நாற்காலி முதுகு, அதிலிருந்து அடுத்தது, அங்கிருந்து முக்காலி, முக்காலியிலிருந்து மேஜை, மேஜையின் கோணல் முனையில் சமையலறைக் கதவு. அவர் பிடித்து நடந்த கைப்பிடியை அவள் துண்டு துண்டாகக் கழற்றிப் பின் அறையில் போட்டிருந்தாள்.

"எவ்வளவு நாளா ஐயா?"

"கொஞ்சம் கொஞ்சமாப் போச்சும்மா. இப்ப வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான்." நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பைத் தடவிக்கொண்டார். "மகளுக்குத் தெரியாது. தெரிஞ்சா அவ வீட்டுப் பின்ரூம்ல ஒரு கட்டில் போட்டு, அசையாதீங்கப்பான்னு சொல்லிடுவா. பாசக்காரி. அதுதான் பயமா இருக்கு."

அக்கா சின்னவளைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். பழையபடி அடைத்து வைத்தால் தரகர் சும்மா விடுவாரா, இனி ஒரு வேலை தருவாரா என்று கேட்டாள். சின்னவளுக்கு அதைவிட வேறொன்று உறுத்தியது. ஈரச் சுவரைக்கூட மறைக்காதவள், ஒரு மகளிடமிருந்து அவள் அப்பாவின் கண்ணை மறைப்பதா? ஆனால் கூடத்தைக் காலியாக விட்டால் அவர் நடக்கத் தெரியாதவராகத் தெரிவார். அதுவும் பொய்தான். நேற்றுவரை இந்த வீட்டில் தனியாகச் சமைத்து, துவைத்து, நடமாடியவர் அவர்.

"தூக்கு அக்கா," என்றாள்.

சாமான்கள் கூடத்துக்குத் திரும்பின. எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல். கால் பதிந்த தடம் தெரிந்தால் அதன் மேலேயே வைத்துவிடலாம். தடத்தையெல்லாம் அவள்தான் தேய்த்து எடுத்திருந்தாளே.

"இன்னும் பளிச்சுன்னு தேய்," என்றாள் அக்கா.

அவரே நடந்து சொல்ல வேண்டியதாயிற்று. கையை வீசி, இன்னும் கொஞ்சம் இப்படி, இல்லை, ரொம்ப வந்துவிட்டது என்று சொல்லச் சொல்ல இருவரும் நகர்த்தினார்கள். துணிக்கு அளவு பார்ப்பதுபோலவே பார்த்தார். விரல் அகலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. மேஜையின் கோணலைச் சரியாகப் பிடிப்பதற்குள் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. எல்லாம் முடிந்ததும் சின்னவள் ஒன்று சொன்னாள்: இதை நீங்களே உங்கள் மகளிடம் சொல்லிவிட்டால் நல்லது. அவர் மேஜையின் முனையை இன்னொரு தரம் தடவிப் பார்த்தார்.

மகளும், வாங்க வந்த கணவன் மனைவியும், தரகரும் ஒன்றாகவே வந்தார்கள். கூடத்தைப் பார்த்ததும் தரகரின் முகம் கடுத்தது. சின்னவள் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றாள்.

தையல்காரர் வீட்டைக் காட்டினார். நாற்காலி முதுகில் விரலை ஓட்டிக்கொண்டு நடந்தார். சமையலறைக் கதவைத் திறந்தார். எந்தக் குழாயில் தண்ணீர் வேகமாக வரும், எந்த ஜன்னலில் காற்று வரும் என்று சொன்னார். பின் அறையில் அந்தக் கணவன் கையை விரித்துச் சுவரைச் சாண் போட்டு அளந்தான். சின்னவள் அக்காவை முழங்கையால் இடித்தாள். கட்டிலுக்கு இடம் அளக்கிறவர்கள் வெறுமனே பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அல்ல. மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டு அவர்கள் கிளம்ப, தரகரும் பின்னாலேயே போனார்.

மகள் கூடத்தில் நின்று அப்பாவைப் பார்த்தாள். "நான்தான் சும்மா பயந்துட்டேன் போல. சரிப்பா, அந்தச் சின்ன வீட்டையே பாத்துடலாம்."

அவர் நினைத்தது நடந்துவிட்டது. அத்துடன் விட்டிருக்கலாம். மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ சிரிக்கிறியா, அழறியான்னு எனக்குத் தெரியல," என்றார். "குரல் வர்ற பக்கம் பாத்துத்தான் பேசறேன். கண்ணு போச்சும்மா. ஆனா நான் நடந்ததை நீ பாத்தே."

மகள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள், கோபப்பட்டாள், டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். நாற்காலி, முக்காலி, மேஜை என்று அவள் பார்வை ஒவ்வொன்றாகப் போனது.

"அங்க போனா இதெல்லாம் யாருப்பா வச்சுத் தருவாங்க?"

"இவங்கதான்," என்று தையல்காரர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

ஜன்னல் பக்கம் யாரும் இல்லை. கதவோரம் நின்றிருந்த சின்னவள் சத்தம் வராமல் நடந்து, அவர் காட்டிய இடத்தில் போய் நின்றுகொண்டாள்.

"ஆமாம்மா, நான்தான்," என்றாள்.