நதியாவின் இடது கண்

நதியாவுக்குச் சின்ன வயதிலிருந்தே கண்ணைக் கசக்கும் பழக்கம். அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து திருப்பூருக்கு வந்து, பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்றபின் அது முற்றிப்போனது. நாள் முழுக்கப் பஞ்சுத் தூசி. ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் என்று தேடிக் கண்டுபிடிப்பது அவள் பிழைப்பு. ஒரு தையல் இரண்டாகத் தெரிய ஆரம்பித்தபோது, வேலை போய்விடுமென்று வாயைத் திறக்கவில்லை.

வலது கண் முதலில் போனது. இடதும் மங்கிய பிறகுதான் கோயம்புத்தூருக்குப் போனாள். கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்குகிறது என்றார் டாக்டர். வலதில் தழும்பு விழுந்துவிட்டது; யாராவது செத்துக் கொடுக்கும் கண்தான் அதற்கு வழி. இடது கருவிழிக்குள் உடைந்த வளையல் போன்ற இரண்டு பொடிப் பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகினால் பிதுக்கம் அமுங்கும், பார்வை ஓரளவு தெளியும்.

"கண்ணைக் கசக்கவே கூடாதும்மா" என்றார்.

செருகினார்கள். தெளிந்தது.

"இப்ப எம் மூஞ்சி எப்படிடி தெரியுது?" என்று கேட்டாள் கருத்தம்மா. ஒரே அறையில் தங்கி, ஒரே மேசையில் நிற்பவள்.

"முன்னாடி ரெண்டு மூஞ்சி தெரிஞ்சுச்சுக்கா. அதுல ஒண்ணு நல்லாருந்துச்சு."

"கொழுப்புடி ஒனக்கு."

வேலைக்குத் திரும்பிய நதியா ஒரு தடவைகூடக் கண்ணைக் கசக்கவில்லை. ஆனால் தூசி பட்டால் நீர் வடியுமே. எதைத் துடைக்கவும் அந்த ஊரில் ஒரே துணிதான்: கட்டிங்கில் விழும் பனியன் வேஸ்ட். மிஷின் எண்ணெய்க்கும் அதுதான், பிள்ளை மூக்குக்கும் அதுதான். யார் உடம்பிலும் படாத புதுத்துணி, அதில் என்ன அழுக்கு இருந்துவிடப் போகிறது? மிதிபட்டுக் கிடந்த குவியலில் வெள்ளையாகப் பார்த்துக் கருத்தம்மாதான் பொறுக்கித் தந்தாள். நதியா ஒற்றி ஒற்றி எடுத்தாள்.

கண் சிவந்தது. ஷிப்மெண்ட் முடியட்டும் என்று இருந்துவிட்டாள். மறுபடி போனபோது துண்டுகளைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்தது.

"எதால தொடச்சீங்க?"

பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். டாக்டர் அதைக் கையில் வாங்கவில்லை.

"ரெண்டையும் இப்பவே எடுத்தாகணும்."

"திரும்ப வெச்சிருவீங்கல்ல சார்?"

"மொதல்ல கண்ணு மிஞ்சட்டும்மா."

கண் மிஞ்சியது. பார்வைதான் மிஞ்சவில்லை, பால் படிந்த மாதிரி ஒரு வெளிச்சம், அதற்குள் நிழல்கள்.

ஆறியதும் யாரிடமும் கேட்காமல் வந்து மேசையில் நின்றாள். சூப்பர்வைசர் கந்தப்பன் கொஞ்ச நேரம் பின்னாலேயே நின்று பார்த்தார். அவள் தேர்வு செய்து அடுக்கியதிலிருந்து ஒன்றை உருவினார். தோள் பக்கத்து ஓட்டையில் அவர் விரல் நுழைந்தது.

"ஏனுங்க அம்மிணி, இது ஓகேங்களா?"

"ஓகேண்ணே."

கருத்தம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஊர்ல உங்க அண்ணனுக்குப் போன் போட்டு வரச் சொல்லுங்க அம்மிணி. வந்து கூட்டிட்டுப் போகட்டுங்க."

"நூல் பிசிறு வெட்டப் போடுங்கண்ணே."

"கத்திரி புடிக்கிற வேலைங்க அது. வேண்டாமுங்க."

நதியா அடுத்த பனியனை எடுத்து விரித்தாள், சுருக்கத்தை நீவினாள். கந்தப்பன் அதை அவள் கைக்கு அடியிலிருந்து மெல்ல இழுத்துக்கொண்டார்.